கான் வெட்ற தாத்தா டீம்: ஒரு வருஷம் ஓட்டி பாத்துட்டு எழுதறேன்

கான்னா டிரெயின், தண்ணி போற வாய்க்கால், அத வெட்டி, பைப்பு போட்டு கொடுக்கற டீம் இது. முதல்லயே சொல்லிடறேன், இவங்களுக்கு கடை கிடையாது, போர்டு கிடையாது, கம்பெனி பேரும் கிடையாது, மொத்தமே மூணு பேரு. ஒரு மேஸ்திரி அண்ணன், அவரோட அக்கா பையன், அப்புறம் எழுபது தாண்டின ஒரு தாத்தா. கோத்தகிரி மார்க்கெட்ல ஹார்டுவேர் கடைல நின்னு புலம்பிட்டு இருந்தப்ப கடைக்காரர் தான் நம்பர் கொடுத்தார். அத இங்க போட வேணாம்னு அண்ணனே சொல்லிட்டார், "இருக்கற வேலையே முடிய மாட்டேங்குது அம்மணி, நீங்க வேற"ன்னு. வேலை முடிஞ்ச அன்னைக்கே சூப்பர்னு எழுதறது ஈஸி தான், ஆனா தண்ணி போற வேலைக்கு அப்படி எழுதி என்ன பிரயோஜனம், வெயில் அடிக்கும்போது எல்லா பைப்பும் நல்லா தான் இருக்கும். அதான் ஒரு ஐப்பசி மழை, ஒரு பனி, ஒரு கோடை, ஒரு ஆடி காத்து எல்லாம் பாத்துட்டு இப்ப உக்காந்து எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமை இருக்கறவங்க படிங்க.

வீடு நீலகிரில கட்டபெட்டு பக்கம், ரோட்டுக்கு கீழ சரிவுல. முன்பாதி மாமனார் காலத்து தகர ஷீட்டு, பின்பாதி 2008ல ஒட்டுப்போட்ட கான்கிரீட்டு. பின்னாடி மேட்ட வெட்டி எடுத்த இடத்துல ஒம்போது அடி உசரத்துக்கு ரிடெய்னிங் வால், அதாவது மண்ணு சரியாம தாங்கற சுவர், அதுக்கும் வீட்டுக்கும் நடுவுல அஞ்சடி சந்து. முன்னாடி வாசல், அதுக்கு கீழ பக்கத்து வீட்டு அக்காவோட கேரட் பாத்தி. இந்த படத்த மனசுல வச்சுக்கங்க, எல்லா கதையும் இதுக்குள்ள தான்.

பிரச்சனை என்னன்னா ஒவ்வொரு ஐப்பசிக்கும் பின் ரூம் சுவர்ல முழங்கால் உசரத்துக்கு ஓதம் ஏறும், பெயிண்ட் உரிஞ்சு அப்பளம் மாதிரி விழும், பெரிய மழை வந்தா பாத்ரூம் ஓட்டை வழியா தண்ணி மேல வரும், அது என்ன தண்ணினு நான் சொல்ல வேண்டியதில்ல. இந்த டீம் வர்றதுக்கு முந்தின வருஷம் வேற ஒரு பார்ட்டிய கூப்பிட்டோம், பேர் வேணாம், மலைக்கு கீழ இருந்து வந்தவங்க. உள்பக்கம் பூரா வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சு 26,000 வாங்கிட்டு போனாங்க. ஒரே கார்த்திகைல மொத்தமும் கொப்புளம் கொப்புளமா எழும்பிடுச்சு. தண்ணி வெளிய இருந்து சுவர தள்ளுது, நாம உள்ள உக்காந்து பெயிண்ட் அடிக்கிறோம். இத இப்ப சொல்றேன், அப்ப எனக்கு தெரியல.

இந்த டீம் முதல் தடவ வந்தது போன வருஷம் செப்டம்பர் கடைசில. அன்னைக்கு காலைல இருந்து நல்ல மழை, நானே போன் பண்ணி மழை விட்டதும் வாங்கனு சொன்னேன். "இல்லைங்க, மழைல தான் வரணும்"னு வந்து நின்னாங்க. டூல்ஸ் எதுவும் எடுத்துட்டு வரல. மூணு பேரும் மூணு குடை. ஒன்றரை மணி நேரம் சும்மா நின்னு பாத்தாங்க, நிஜமா சும்மா தான். அண்ணன் கூரைய பாத்துட்டு நின்னார், பையன் சந்துல நின்னான், தாத்தாவ காணோம். எங்க அத்தை உள்ள இருந்து "டீ குடிக்க வந்தவங்களா, வேலை செய்ய வந்தவங்களா"ன்னு சத்தமாவே கேட்டாங்க. தாத்தா எங்க போனார்னா மேல ரோட்டுக்கு. அரை மணி நேரம் கழிச்சு முழுசா நனைஞ்சு வந்து ஒரே வார்த்தை சொன்னார், "பாப்பா, இது உங்க வீட்டு தண்ணி இல்ல."

ரோட்டோரம் இருக்கற கான் மண்ணும் குப்பையும் சேர்ந்து அடைச்சு போய், ரோட்டு தண்ணி மொத்தமும் ஒரு இடத்துல தாண்டி எங்க மேட்டுக்குள்ள எறங்கிட்டு இருந்துருக்கு. பதினாறு வருஷமா இந்த வீட்ல இருக்கேன், ஒரு மழைல கூட குடைய எடுத்துட்டு மேல போய் பாத்ததில்ல. எஸ்டேட்ல டிரெயின கான்னு தான் சொல்லுவாங்க. தாத்தாவோட குடும்பம் சிலோன்ல இருந்து சாஸ்திரி ஒப்பந்தத்துல வந்தது, அங்க இருந்த தோட்டத் தமிழர்கள இங்க அனுப்பின 1964 ஒப்பந்தம், நம்ம மாவட்டத்துல பாதி எஸ்டேட் லைன்ல அந்த கதை இருக்கும். அங்கயும் தேயிலை, இங்கயும் தேயிலை, இவர் வேலையே கான் வெட்றது தான். சரிவுக்கு குறுக்கால, லேசான சாய்வுல, நடு நடுல வண்டல் தங்க குழி விட்டு வெட்டணும், நேரா கீழ விட்டா மண்ண அரிச்சுட்டு போயிடும்னு கைய ஆட்டி ஆட்டி சொல்லுவார். ரோட்டு கானுக்கு ஆபீஸ்ல மனு எழுதி கொடுத்தோம், அவங்க வர்றதுக்கு நாள் ஆச்சு, அதுக்குள்ள தாத்தாவே மண்வெட்டிய எடுத்து ஒரு காலைல வழிய திறந்து விட்டுட்டார். அன்னைக்கு சாயங்காலமே சந்துல வர்ற தண்ணி பாதியா குறைஞ்சது. ஒரு ரூபா பைப்பு இன்னும் வாங்கல அப்ப.

மழைத்தண்ணினா எவ்ளோனு நமக்கு கணக்கே தெரியாதுங்க. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் பெஞ்சா ஒரு லிட்டர், அவ்ளோ தான் கணக்கு. எங்க கூரை 1,200 சதுர அடி, அதாவது 111 சதுர மீட்டர் சொச்சம். பத்து சென்டிமீட்டர் மழை பெஞ்சா 11,000 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு தண்ணி லாரி. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் பெஞ்சுது ஞாபகம் இருக்கா, அது எங்க கூரை மேல விழுந்திருந்தா 90,000 லிட்டர். இத அந்த பையன் போன்ல கால்குலேட்டர்ல போட்டு காட்டினப்ப எங்க வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவே இல்ல, ஏன்னா மொத்த கூரைக்கும் தண்ணிய கீழ எறக்க ஒரே ஒரு மூணு இஞ்ச் டவுன் பைப் வச்சது அவர் ஐடியா.

இப்ப வேலைக்கு வரேன். அக்டோபர் முதல் வாரம் அஞ்சு நாள் செஞ்சாங்க.

கூரை ஓரத்துல தண்ணி வாங்கற பழைய தகரப் பீலி துரு பிடிச்சு ஓட்டை, அத எடுத்துட்டு பிவிசி பீலி, அதான் கட்டர், போட்டாங்க. அண்ணன் ரசமட்டம் வச்சு பாத்தா பழைய பீலி டவுன் பைப்புக்கு எதிர் பக்கமா சாஞ்சிருக்கு! தண்ணி எப்படி போகும், அதுல கொசு குடும்பம் நடத்திட்டு இருந்துச்சு. பத்தடிக்கு அரை இஞ்ச் சாய்வு கொடுத்தா போதும்னார், கண்ணுக்கு தெரியவே தெரியாது. நாப்பதடி நீளத்த ஒரே பக்கம் சாய்க்காம நடுவ மேடாக்கி ரெண்டு பக்கமும் பிரிச்சு, ரெண்டு நாலு இஞ்ச் டவுன் பைப் போட்டாங்க. கிளாம்ப் நெருக்கமா அடிக்க சொன்னேன், அவரே அப்படி தான் அடிச்சார், ஏன்னா இங்க குரங்கு அதுல தொங்கும். தொங்கிச்சு. இதுவரைக்கும் தாங்குது.

கட்டருக்கு மேல போடற வலை வேணும்னு நான் அடம் பிடிச்சேன், ஆன்லைன்ல பாத்து வச்சிருந்தேன். வேணாம்னார், நான் கேக்கல, 3,400 ரூபாக்கு வாங்கி போட்டேன். இத தனியா ரிவ்யூ பண்ணணும்னா அஞ்சுக்கு ஒன்னு. வலை மேல தப்பு இல்ல, நம்ம மரம் அப்படி. சில்வர் ஓக் இலை வலை மேல பாய் விரிச்ச மாதிரி படுத்துக்குது, தண்ணி அது மேல வழுக்கி கட்டர தாண்டி வெளிய விழுது. சீகை மர இலை பொடிப்பொடியா வலைக்குள்ளயே போய் கீழ சேறா நிக்குது, அத எடுக்க வலைய கழட்டணும். ரெண்டு மாசத்துல கழட்டி கோழி கூண்டுக்கு கொடுத்துட்டேன். டவுன் பைப் வாய்ல மட்டும் உருண்டையா ஒரு கம்பி கூடு வச்சிருக்காங்க, 80 ரூபா, அது போதும். சுத்தி மரமே இல்லாத வீடுனா வலை உங்களுக்கு ஓகேவா இருக்கலாம், ஆனா அப்ப வலையே எதுக்கு.

அடுத்து பாத்ரூம் தண்ணி மேல வர்ற மர்மம். கழிவுத்தண்ணி பைப் வந்து சேர்ற சேம்பர் மூடிய திறந்து, மேல இருந்து ஒரு வாளி தண்ணிய டவுன் பைப்ல ஊத்த சொன்னாங்க. சேம்பர்ல கொட்டுது. அதாவது முன்னாடி எப்பவோ வேலை செஞ்சவங்க மழை பைப்ப நேரா செப்டிக் டேங்க் லைன்ல கோத்து விட்டுட்டாங்க, தனி லைன் தோண்ட சோம்பல். சொன்னேனே ஒரு லாரி தண்ணி கணக்கு, அது அத்தனையும் செப்டிக் டேங்க்குக்குள்ள போனா அது எங்க போகும், வந்த வழியே பாத்ரூமுக்கு தான் வரும். ஒரு பைப்ப வெட்டி திருப்பி விட்டதோட அந்த நாத்த பிரச்சனை முடிஞ்சது, மெட்டீரியல் 640 ரூபா. இத்தனை வருஷமா எத்தனை பாட்டில் ஆசிட்டு, எத்தனை பவுடர் ஊத்தியிருப்பேன்னு நெனச்சா வயிறு எரியுது. செப்டிக் டேங்க்க சுத்தம் பண்ணி கொடுங்கனு கேட்டதுக்கு அண்ணன் பட்டுனு முடியாதுன்னுட்டார். லாரிய கூப்பிடுங்க, ஆள எறக்க கூடாது, 2013லயே சட்டம் வந்தாச்சு, அதுவும் போக உள்ள இருக்கற கேஸ் ஆள கொல்லும்னார். லாரி வந்து உறிஞ்சிட்டு போச்சு. இதுக்கே நான் தனியா ஒரு ஸ்டார் கொடுப்பேன்.

சரி, இப்ப சுவர். இது தான் முக்கியம், இத மட்டும் படிச்சாலும் போதும்.

எங்க ரிடெய்னிங் வால்ல முதல்ல கட்டினப்ப மூணு வரிசைல சின்ன பைப் ஓட்டை விட்டிருந்தாங்க, வீப் ஹோல்னு சொல்லுவாங்க. அதுல எப்பவும் தண்ணி சொட்டும், சுவர் பூரா பச்சை பச்சையா பாசி கோடு. பெயிண்ட் அடிச்ச அந்த பழைய பார்ட்டி "லீக் ஆகுது மேடம்"னு சொல்லி எல்லா ஓட்டையையும் சிமெண்ட் வச்சு அடைச்சு, மேல பூசி, கிரீம் கலர் அடிச்சு கொடுத்தாங்க. நானும் என்ன அழகுனு போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸ் வச்சேன், பொய் சொல்லல.

தாத்தா அந்த சுவர கையால தட்டி பாத்துட்டே போனார், ஒரு இடத்துல நின்னார். "சுவரு வயிறு தள்ளிடுச்சு பாப்பா." பக்கத்துல நின்னு பாத்தா தெரியாது, ஓரத்துல ஒரு கண்ண மூடிட்டு நீளமா பாத்தா நடுவுல லேசா உப்பி இருக்கு, ஒரு விரிசலும் கூட. பின்னாடி இருக்கற மண்ணு மட்டும்னா அந்த சுவர் தாங்கும், மண்ணுக்குள்ள தண்ணி நிறைஞ்சு வெளிய வர வழி இல்லன்னா அந்த தண்ணியோட பாரமும் சேர்ந்து தள்ளும், அதுக்கு எந்த சுவரும் நிக்காது. அடைச்ச தண்ணி வேற வழி இல்லாம கீழ எறங்கி சந்து அடில பூந்து எங்க பின் ரூம் சுவர்ல ஏற்கனவே இருந்த ஓதத்த இன்னும் ஏத்தியிருக்கு. அந்த ஓதத்துக்கு தான் உள்ள பெயிண்ட் அடிச்சோம், பெயிண்ட் அடிச்சவங்களே தான் ஓட்டையும் அடைச்சாங்க. ஆக அவங்க வேலைக்கு அவங்களே வேலை உண்டாக்கிட்டாங்கனு எங்க அத்தை சொன்னாங்க, இதுல அத்தை சொன்னது நூத்துக்கு நூறு சரி.

அண்ணன் இங்க நல்லா நடந்துக்கிட்டார். "ஓட்டைய திறக்கறது நான் செய்யறேன், சுவர் நிக்குமா நிக்காதானு சொல்றது என் வேலை இல்ல, எஞ்சினியர கூப்பிடுங்க"ன்னுட்டார். கூப்பிட்டோம். அவர் வந்து பாத்து, உப்பினது பழசா புதுசானு தெரியணும்னு விரிசலுக்கு குறுக்கால ஒரு கண்ணாடி துண்ட சிமெண்ட்ல ஒட்டி தேதி எழுதிட்டு போனார். சுவர் அசைஞ்சா கண்ணாடி உடையும், அவ்ளோ தான் டெக்னாலஜி. அது வரைக்கும் பின் ரூம்ல யாரும் படுக்க கூடாதுனார். படுக்கல.

அடைச்ச ஓட்டைய எல்லாத்தையும் ஒரே நாள்ல திறக்கல, ஒன்னு விட்டு ஒன்னு, ரெண்டு நாளா. முதல் ஓட்டைல டிரில் உள்ள போனதும் பீச்சி அடிச்சது பாருங்க, பையன் மூஞ்சி பூரா. ஒரு கொடம், ரெண்டு கொடம் இல்ல, சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சு. முதல்ல செம்மண் கலங்கலா, அப்புறம் தெளிவா. தெளிவா வந்தா சந்தோஷப்படு, தொடர்ந்து கலங்கலாவே வந்தா உள்ள மண்ணு கரைஞ்சு வருதுனு அர்த்தம், உடனே போன் பண்ணுனு தாத்தா சொன்னார். ஒவ்வொரு ஓட்டைலயும் வெளிப்பக்கம் சாயற மாதிரி பைப் துண்டு சொருகி, உள் வாய்ல வலை கட்டி விட்டாங்க. இப்ப சுவர் மறுபடி பாசி கோடோட அசிங்கமா இருக்கு. நான் ஒரு வார்த்தை பேசல. நம்ம பக்கம் 2009 நவம்பர்ல என்ன நடந்துச்சுனு எல்லாருக்கும் தெரியும், மாவட்டத்துல 40 பேருக்கு மேல மண்சரிவுல போனாங்க, அந்த மழைய பாத்தவங்க யாரும் சுவர் அழகுக்கு சண்டை போட மாட்டாங்க. கண்ணாடி இன்னைக்கு வரைக்கும் உடையல, தெனமும் காலைல காபியோட போய் பாத்துட்டு வரேன், பழக்கமாயிடுச்சு.

சுவர் காலடில ஒரு கான் தோண்டணும், ஆனா மழைல தோண்டவே மாட்டேன்னு சொல்லிட்டார் தாத்தா. நான் அவசரப்பட்டேன், ஐப்பசிக்கு முன்னாடி முடிச்சிடலாம்னு. ஈர மண்ணுல சுவரோட கால பிடுங்கற மாதிரி ஆகிடும்னு சொல்லி தை மாசம் தான் வந்தாங்க. இங்க ஜேசிபி எறக்கணும்னா பெர்மிஷன் வாங்கணும், அதுவும் எங்க சந்துல ஆடு கூட திரும்ப முடியாது, எல்லாம் கைவேலை தான். சுவர்ல இருந்து ரெண்டடி தள்ளி, ஒரடி ஆழம், நூத்துக்கு ஒன்னு சாய்வு. அடில துணி மாதிரி ஒன்னு விரிச்சு, ஜல்லி போட்டு, ஓட்டை போட்ட பைப்ப வச்சு, மறுபடி ஜல்லி, துணிய மடிச்சு மூடி மேல கல்லு. பைப்போட ஓட்டை கீழ் பக்கம் பாக்கணுமாம். நான் மேல பாக்கணும்னு நெனச்சேன், மேல இருந்து தானே மழை வருதுன்னு. தண்ணி ஜல்லில கீழ இருந்து ஏறி பைப்புக்குள்ள வருமாம், ஓட்டை மேல இருந்தா பைப்போட தலை மட்டத்துக்கு தண்ணி ஏறற வரைக்கும் வெளியவே நிக்குமாம். துணி எதுக்குனா மண்ணு ஜல்லிக்குள்ள பூந்து அடைக்காம இருக்க. ரெண்டு முனைலயும் மேல எழும்பற மாதிரி ஒரு பைப் விட்டு மூடி போட்டிருக்காங்க, வருஷத்துக்கு ஒரு தடவ அதுல ஓஸ் விட்டு கழுவலாம்.

நடுவுல என் கொழுந்தனார் கோயம்புத்தூர்ல இருந்து வந்து, இவ்ளோ தண்ணிய வீணாக்கறீங்களே, ஒரு குழி வெட்டி மண்ணுக்குள்ள விடுங்க, மழைநீர் சேகரிப்பு 2003லயே கட்டாயமாக்கினாங்கல்லனு பாடம் எடுத்தார். கோயம்புத்தூருக்கு சரி. ஒம்போதடி சுவருக்கு பின்னாடி சரிவுல குழி வெட்டி தண்ணி எறக்கினா அது நேரா சுவர தான் தள்ளும். தாத்தா பதில் சொல்லல, மண்வெட்டிய கொழுந்தனார் கைல கொடுத்துட்டு எங்க வெட்டணும்னு காட்டுங்கனார். அப்புறம் ஒரு ஆயிரம் லிட்டர் டேங்க் வாங்கி முன்பக்க டவுன் பைப்ப அதுல விட்டோம், நிறைஞ்சா மிச்சம் கானுக்கு. மார்ச் மாசம் தண்ணி டைட்டா இருந்தப்ப துணி துவைக்க அது தான் கை கொடுத்துச்சு, கோடை மழை ரெண்டு பெஞ்சாலே நிறையுது.

கீழ் வீட்டு அக்காவ மறந்துட்டேன். எங்க பழைய பீலி ஓட்டைல வழிஞ்ச தண்ணி வருஷக்கணக்கா அவங்க கேரட் பாத்தில தான் கொட்டிட்டு இருந்துருக்கு, அவங்க மூணு வருஷமா என்கிட்ட சரியா பேசாததுக்கு காரணமே அது தானாம்! எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணன் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவங்க வீட்டுக்கு போய், தண்ணி எந்த பக்கம் விட்டா உங்களுக்கு தொந்தரவு இல்லனு கேட்டு, பக்கவாட்டுல ஓடை வரைக்கும் கல்லு வச்சு கான் இழுத்து விட்டார். ஓடைல விழற இடத்துல பெரிய பெரிய கல்லா போட்டிருக்காங்க, தண்ணி குதிச்சு மண்ண தோண்டாம இருக்க. இப்ப கேரட்டும் வருது, பேச்சும் வருது.

அப்புறம் சீசன் சீசனா என்ன ஆச்சுன்னா.

ஐப்பசி கார்த்திகை மழைல பின் ரூம் சுவர்ல ஓதம் வந்துச்சு, ஆனா ஒரு சாண் தான். தைக்கு அப்புறம் காய ஆரம்பிச்சு சித்திரைல தான் முழுசா காஞ்சது. சுவர் காய இவ்ளோ நாள் ஆகும்னு யாரும் சொல்லல, நான் நடுவுலயே அண்ணனுக்கு போன் பண்ணி கத்திட்டேன், சாரி அண்ணா.

மார்கழி பனில வேற ஒன்னு. கிச்சன் சிங்க் அடைச்சுது. மழைக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல, தேங்காய் எண்ணெய் தான். கீழ ஊர்ல தண்ணியா போற எண்ணெய் இங்க பாட்டில்லயே கட்டி ஆகுதே, பைப்புக்குள்ள என்ன ஆகும். மட்டன் கொழுப்பும் அதே தான். அண்ணன் போன்லயே சொன்னார், பாத்திரத்த பேப்பர்ல தொடச்சுட்டு கழுவுங்க, வாரத்துக்கு ரெண்டு நாள் நல்ல சுடுதண்ணி ஊத்துங்க, ஆனா கொதிக்க கொதிக்க ஊத்தாதீங்க, பிவிசி இளகும்னு. அந்த வெள்ளை பவுடர், காஸ்டிக் சோடா, அத ஆசிட்டோட மாத்தி மாத்தி ஊத்தற ஆளு நான், அது ரெண்டும் சேந்தா கொதிச்சு மூஞ்சில தெறிக்கும்னு தெரிஞ்சதுல இருந்து ரெண்டையும் தூக்கி போட்டாச்சு. அப்புறம் விருந்தாளி ரூம் பாத்ரூம்ல பனிக்காலம் பூரா ஒரு நாத்தம் வந்துட்டே இருந்துச்சு. அங்க யாரும் குளிக்காததால டிராப்ல, அதாவது கீழ வளைஞ்ச பைப்ல, நிக்கற தண்ணி காஞ்சு போய் கேஸ் மேல வருது, வாரம் ஒரு மக் தண்ணி ஊத்துங்கனு சொன்னார். ஒரு மக் தண்ணி! அதுக்கு நான் சாம்பிராணி போட்டுட்டு இருந்தேன்.

ஏப்ரல்ல அவங்க அடுத்த விசிட், அரை நாள். ஜக்கரண்டா பூ ரோடு பூரா ஊதாவா விழுந்து டூரிஸ்ட் எல்லாம் போட்டோ எடுத்துட்டு இருக்காங்க, எங்க கட்டர்ல அது ஊதா சட்னியா கெடந்துச்சு. பையன் ரெண்டு பக்கெட் அள்ளினான். அதுக்கு அடுத்த வாரம் ஆலங்கட்டி மழை, அள்ளாம விட்டிருந்தா கட்டரே எறங்கியிருக்கும்.

ஆடில கூடலூர் தேவாலா பக்கம் கொட்டும், நமக்கு சாரலும் காத்தும் தான். ஆனா காத்து கிளைய முறிச்சு போடுது, அதுக்கு ஒரு விசிட். இந்த தடவ கூடுதலா ஒன்னு, பக்கவாட்டு கான் மேல போட்ட சிமெண்ட் பலகைய காட்டெருமை மிதிச்சு ரெண்டா உடைச்சிட்டு போயிருக்கு. இதுக்கு கேரண்டி உண்டானு கேட்டேன், "அத நீங்க அதுகிட்ட தான் கேக்கணும்"னார் அண்ணன். பலகைக்கு பதிலா இப்ப அந்த இடத்துல மூடாம திறந்தே விட்டாச்சு, திறந்த கான் தான் நல்லது, அடைச்சா கண்ணுக்கு தெரியும்ல.

குறைனு சொன்னா இருக்கு, நிறையவே. போன் எடுக்க மாட்டாங்க. நாளைக்கு வரேன்னா நாளான்னைக்கு. முதல் வேலைல பின்பக்க டவுன் பைப் ஜாயிண்ட் ஒன்ன பசை போடாமலே சொருகிட்டு போய், முதல் பெரிய மழைல பெட்ரூம் ஜன்னல்ல அருவி. ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணி, மறுநாள் காலைல ஏழு மணிக்கு பையன் வந்து சரி பண்ணினான், காசு வாங்கல, ஆனா நனைஞ்ச பீரோ நனைஞ்சது தான். பைப் வெட்டின துண்டு, ஜல்லி, சாக்கு எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு போவாங்க, கூட்ட மாட்டாங்க, நான் தான் கூட்டினேன். பில்லு கேட்டா காலண்டர் தாள் பின்னாடி எழுதி தருவார். ஆபீஸ்ல பில் காட்டி காசு வாங்கணும்னு இருக்கறவங்களுக்கு இவங்க சரிப்பட மாட்டாங்க. அப்புறம் டீ. ஒரு நாளைக்கு அஞ்சு தடவ டீ. தேயிலை ஊர்ல இத குறைனு சொல்ல கூடாது, ஆனா பால் வாங்கி மாளல.

காசு விவரம் கேப்பீங்க. கூலி அண்ணனுக்கு 1,200, தாத்தாவுக்கு 900, பையனுக்கு 800. அக்டோபர் அஞ்சு நாள் கூலி 14,500, மெட்டீரியல் 17,200. தை மாசம் மூணு நாள் 8,700, மெட்டீரியல் 11,400. அரை நாள் விசிட் ரெண்டுக்கும் சேத்து 3,000. மொத்தம் 54,800. எஞ்சினியர் பீஸ், செப்டிக் லாரி, தண்ணி டேங்க், நான் அடம் பிடிச்சு வாங்கின வலை இதெல்லாம் தனி. குடைய பிடிச்சுட்டு நின்ன அந்த முதல் நாளுக்கு எதுவும் வாங்கல, நான் தான் வற்புறுத்தி 500 கொடுத்தேன். இப்ப யோசிச்சா மொத்த செலவுல உருப்படியான காசு அந்த 500 தான்.

அஞ்சுக்கு நாலேகால். போன் எடுத்தா நாலரை.

வேணும்னா எப்படி பிடிக்கறதுனு கேட்டா, கோத்தகிரி மார்க்கெட்ல பைப் விக்கற எந்த கடைலயும் கான் வெட்ற தாத்தானு கேளுங்க, சொல்லுவாங்க. நீங்க மழைல வர சொல்லுங்க, வெயில்ல கூப்பிட்டா வர மாட்டாங்க. செப்டம்பர் கடைசி வாரம் மட்டும் கேக்காதீங்க, அது எனக்கு ஏற்கனவே சொல்லி வச்சாச்சு, கீழ் வீட்டு அக்காவும் அதே வாரத்த தான் கேட்டுட்டு இருக்காங்க.